சம்மதச் சீட்டை அச்சடிக்கும் முன்

அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களே, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவிகளே, உறுப்பினர்களே,

வணக்கம். மகளிர் நோய் மருத்துவத்திலும் கிராமத் தடுப்பூசிப் பணியிலும் இருப்பவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

பதினான்கு வயதுப் பெண் பிள்ளைகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியைப் படிப்படியாகப் போடுவதற்கு 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாகத் தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. மருந்து வாங்குவது, குளிர்ச்சி குறையாமல் கொண்டுவருவது, ஊசி போடுவது எல்லாம் சுகாதாரத் துறையின் வேலை. ஆனால் ஊசி போடும் இடம் உங்கள் பள்ளி. பெற்றோர் கேள்வி கேட்கப்போவதும் உங்களிடம்தான். ஒரு பிள்ளைக்கு இந்த ஊசி கிடைக்குமா கிடைக்காதா என்பது மருந்துப் பெட்டி வந்து இறங்கும் நாளில் முடிவாவதில்லை. அதற்கு ஒரு வாரம் முன்பு புத்தகப் பைக்குள் மடித்து அனுப்புகிறீர்களே, அந்தச் சம்மதச் சீட்டிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. ஆகவே அந்த ஒரு வாரத்தைப் பற்றி விரிவாகப் பேச விரும்புகிறோம்.

நோயைப் பற்றி, பெற்றோர் கூட்டத்தில் சொல்லப் போதுமான அளவுக்கு முதலில் சொல்லிவிடுகிறோம். கர்ப்பப்பையின் கீழ்முனைதான் கர்ப்பப்பை வாய். அங்கே வரும் புற்றுக்கு ஏறக்குறைய எப்போதும் காரணமாக இருப்பது ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி. இதில் பல வகைகள் உண்டு. 16, 18 என்று எண்ணிட்ட இரண்டு வகைகள் மட்டுமே உலகில் வரும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுகளில் பத்தில் ஏழுக்குக் காரணம். தாம்பத்திய வாழ்க்கைக்குள் வரும் ஆண், பெண் பெரும்பாலோருக்கு இந்தக் கிருமி என்றாவது ஒருநாள் தொற்றத்தான் செய்யும். அதற்கும் ஒழுக்கத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தொற்றியவர்களில் பெரும்பாலோரின் உடம்பு இரண்டு வருடத்துக்குள் கிருமியைத் தானே விரட்டிவிடுகிறது. சிலருக்கு மட்டும் அது தங்கிவிடுகிறது. தங்கிய கிருமி புற்றாக மாறுவதற்குச் சாதாரணமாக 15 முதல் 20 வருடம் ஆகும். எச்.ஐ.வி. போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு 5 முதல் 10 வருடத்திலேயே வந்துவிடலாம். இவ்வளவு நீண்ட அவகாசம் தரும் புற்றுநோய்கள் குறைவு. அப்படியிருந்தும் 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இது புதிதாகக் கண்டறியப்பட்டது, 80,000 பேரளவில் இறந்துபோனார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டிருக்கிறது.

பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இப்போதே எதற்கு என்று ஒரு தாய் கேட்டால் விடை எளிது. தடுப்பூசி, கிருமி நுழையும் முன்பு போடவேண்டியது. நுழைந்த கிருமியை அது வெளியேற்றாது. இங்கிலாந்தில் 12, 13 வயதில் போட்டுக்கொண்ட பெண்களிடம் இந்தப் புற்று 87 சதவீதம் குறைந்தது என்று 2021-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. நம் நாட்டில் சிக்கிம் மாநிலம் 2018-லேயே பள்ளிகள் வழியாக இதைப் போட்டு முடித்திருக்கிறது. சின்ன மாநிலம்தான். ஆனாலும் ஆசிரியர்களை முதலில் உட்காரவைத்துப் பேசிவிட்டு, அதற்குப் பிறகுதான் ஊசியை எடுத்தார்கள் என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

சம்மதச் சீட்டைப் பற்றி இத்தனை அழுத்திச் சொல்வதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2009-இல் அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் இதே தடுப்பூசியைப் பெண் பிள்ளைகளுக்குப் போடும் முன்னோட்டத் திட்டம் ஒன்று நடந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஏழு பிள்ளைகள் இறந்தார்கள். அந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமல்ல என்று விசாரணைக் குழு சொன்னது. ஆனால் அதே விசாரணை இன்னொன்றையும் கண்டது. பல பிள்ளைகளுக்குப் பெற்றோரின் கையெழுத்தே இல்லை. விடுதிக் காப்பாளர்களும் தலைமை ஆசிரியர்களும் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2010 ஏப்ரலில் திட்டம் நின்றது. 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. அதன் பிறகு பல வருடம் இந்தத் தடுப்பூசியின் பெயரை எடுக்கவே அரசுகள் தயங்கின. மருந்து சரியாகத்தான் இருந்தது. பெற்றோரைக் கேட்காமல் போட்டதுதான் தவறு. "அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மேல் மருந்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள்" என்று உங்கள் கூட்டத்தில் ஒரு தகப்பனார் எழுந்து சொன்னால் கோபப்படாதீர்கள். அந்தப் பயம் காற்றிலிருந்து வந்ததல்ல. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். "அதனால்தான் இன்று உங்களைக் கேட்காமல் எதுவும் செய்யமாட்டோம்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஆதிதிராவிடர் நலவிடுதி, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி, கஸ்தூரிபா காந்தி பள்ளி எதுவாக இருந்தாலும் காப்பாளர் கையெழுத்து பெற்றோர் கையெழுத்து ஆகாது. ஊர் தொலைவு என்றால் ஒரு வாரம் என்பதை மூன்று வாரமாக்குங்கள். பிள்ளை விடுமுறைக்கு வீட்டுக்குப் போய்த் திரும்பும் நாளைக் கணக்கில் வையுங்கள்.

சீட்டில் தடுப்பூசியின் பெயர், எந்த நோய்க்கு, எந்தத் தேதி, எத்தனை தவணை, என்ன பக்கவிளைவு வரலாம், சந்தேகம் கேட்க எந்தச் செவிலியரை எந்த எண்ணில் அழைப்பது என்பதெல்லாம் பெரிய எழுத்தில் இருக்கட்டும். "சம்மதம்", "சம்மதமில்லை" என்று இரண்டு கட்டங்களும் ஒரே அளவில் இருக்கவேண்டும். "சம்மதமில்லை" என்ற கட்டமே இல்லாத சீட்டைப் பெற்றோர் அறிவிப்பாகத்தான் வாசிப்பார்கள். தங்களைக் கேட்கிறார்கள் என்று நினைக்கமாட்டார்கள். சீட்டு திரும்பி வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மறுத்து எழுதிய பிள்ளையை வகுப்பில் பெயர் சொல்லி எழுப்பவும் கூடாது. இன்று மறுத்த வீடு, பக்கத்து வீட்டுப் பிள்ளை ஊசி போட்டுக்கொண்டு நன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டு அடுத்த மாதம் தானாகவே வந்து கேட்கும். அதற்கு வழியைத் திறந்து வையுங்கள். பெற்றோர் ஒப்பினாலும், பிள்ளை வேண்டாம் என்று அழுதால் அன்று போடாமல் செவிலியரைத் தனியே பேசச் சொல்லுங்கள்.

சீட்டை மட்டும் அனுப்பினால் போதாது, கூட்டமும் போடவேண்டும். காலை பதினோரு மணிக்குப் போட்டால் நூறு நாள் வேலைக்கும் மில் ஷிப்டுக்கும் போகிற அம்மாக்கள் வரமுடியாது. மாலை ஐந்தரைக்கோ சனிக்கிழமையோ வையுங்கள். அப்பாக்களையும் அழையுங்கள். தாய் தலையாட்டிவிட்டுப் போன பிறகு வீட்டில் தகப்பனாரோ மாமியாரோ வேண்டாம் என்பதால் திரும்பி வராத சீட்டுகள்தான் அதிகம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நீளமான அறிக்கையைப் போடுவதைவிட, அந்த ஊர் வி.எச்.என்., அதாவது கிராம சுகாதாரச் செவிலியர், தன் குரலில் பேசிய இரண்டு நிமிட ஒலிப்பதிவைப் போடுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் வீடுகளிலும் அது போய்ச் சேரும், தெரிந்த குரல் என்பதால் நம்பவும் செய்வார்கள்.

கூட்டத்தில் எழும் கேள்விகள் ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான். பிள்ளை நாளைக்குக் குழந்தை பெற முடியாமல் போய்விடுமா? போகாது. இந்த ஊசிக்குள் இருப்பது உயிருள்ள கிருமி அல்ல, செத்த கிருமியும் அல்ல. கிருமியின் மேலோட்டைப் போலச் செய்த வெற்றுக் கூடு மட்டும்தான். உள்ளே மரபணுச் சரக்கு எதுவும் கிடையாது. ஆகவே அது நோயைத் தரவும் முடியாது, கர்ப்பப்பையையோ சினைப்பையையோ தொடவும் முடியாது. சொல்லப்போனால், கர்ப்பப்பை வாயில் நோய் முற்றிக் கர்ப்பப்பையையே இழக்கும் நிலை வராமல் காப்பதுதான் இந்த ஊசி. மாதவிலக்கு நாளில் போடலாமா? தாராளமாகப் போடலாம். பெரிய மனுஷி ஆகாத பிள்ளைக்கும் போடலாம். காய்ச்சல் கடுமையாக இருந்தால் மட்டும் தள்ளிப்போடவேண்டும். முன்பு ஏதாவது தடுப்பூசிக்கோ ஈஸ்டுக்கோ கடும் ஒவ்வாமை வந்த பிள்ளைக்கு மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது. கர்ப்பமாக இருப்பவர்களுக்கு இப்போது போடுவதில்லை. பதினான்கு வயதில் அந்தக் கேள்வியைக் கேட்கவேண்டியிருப்பது வேதனைதான். கேட்டாக வேண்டும். ஆனால் வரிசையில் நிற்கவைத்துக் கேட்கும் கேள்வி அல்ல அது. செவிலியர் தனியறையில், கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரே மாதிரி கேட்கட்டும். யாரையும் தனியே குறிவைத்துக் கேட்பதாகத் தோன்றக்கூடாது.

"தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டு ஊசி, மூன்று ஊசி என்கிறார்களே?" என்பதும் வரும். இந்தியாவில் தயாராகும் செர்வாவேக் தடுப்பூசி 9 முதல் 14 வயது வரை ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை, 15 வயதுக்கு மேல் மூன்று தவணை என்ற கணக்கில் அனுமதி பெற்றது. பிறகு வந்த ஆய்வுகளைப் பார்த்து உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரில், 9 முதல் 20 வயது வரை ஒரே தவணையும் போதும் என்று அறிவித்தது. அதற்கு ஆதாரமான ஆய்வுகளில் ஒன்று இந்தியாவில் நடந்தது. 2010-இல் தடுப்பூசி ஆய்வுகளை நிறுத்தச் சொன்னபோது ஒரே தவணையோடு நின்றுபோன பிள்ளைகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். 16, 18 வகைத் தொற்று தங்குவதை அந்த ஒரு தவணையே இரண்டு, மூன்று தவணைக்கு நிகராகத் தடுத்திருந்தது. எச்.ஐ.வி. தொற்றுள்ள பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு தவணை போதாது. குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று வேண்டும். அந்தப் பிள்ளை யார் என்பது பள்ளிக்குத் தெரியவேண்டிய அவசியமில்லை. எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையமே பார்த்துக்கொள்ளும்.

இனி ஊசி நாள். இந்த மருந்துக்கு வெயிலைவிடப் பெரிய எதிரி உறைபனி. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும். உறைந்தால் அதில் கலந்துள்ள அலுமினிய உப்பு திரிந்து மருந்து வீணாகிவிடும், பிறகு உருகினாலும் பயன் கிடையாது. அதனால்தான் செவிலியர்கள் வேக்சின் கேரியரில், அதாவது மருந்து கொண்டுவரும் குளிர்பெட்டியில், வைக்கும் ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனே போடுவதில்லை. மேசைமேல் பரப்பி வைத்து, மேலே வியர்த்து, காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் வரை காத்திருந்துதான் போடுவார்கள். "ஏன் இவ்வளவு தாமதம்" என்று அந்த நேரத்தில் அவசரப்படுத்தாதீர்கள். உதவி செய்கிறோம் என்று மருந்துக் குப்பிகளைப் பள்ளிச் சத்துணவுக் கூடத்து ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் வைத்துவிடவும் வேண்டாம். கேரியரை ஜன்னலோர வெயில் படாத மேசையில் வைக்க இடம் கொடுத்தால் போதும்.

தவணைக்கு அரை மில்லி. இடது மேற்கையில், தசைக்குள் போடுவார்கள். கை வலிக்கும், சிவக்கும். சிலருக்கு அன்றிரவு இலேசான காய்ச்சலும் தலைவலியும் இருக்கும். பாரசிட்டமால் போதும். அடுத்த நாள் தேர்வோ விளையாட்டுப் போட்டியோ இருக்கும் தேதியைத் தவிர்த்துவிடுங்கள்.

உண்மையில் பயப்படவேண்டியது மயக்கத்துக்கு. இந்த வயதில் எந்த ஊசிக்கும் சில பிள்ளைகள் மயங்குவார்கள். மருந்தின் விஷமல்ல அது, பயத்தில் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவது. ஒரு பிள்ளை விழுவதைப் பார்த்து இன்னொன்று, அதைப் பார்த்து நான்கு என்று பரவும். கொலம்பியாவின் எல் கார்மன் தெ போலிவார் ஊரில் 2014-இல் அப்படித்தான் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக மருத்துவமனைக்குப் போனார்கள். காணொளிகள் பரவின. தடுப்பூசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று ஆய்வு சொன்ன பிறகும் அந்த நாடு முழுவதும் ஊசி போடுவது படுத்துவிட்டது. நம் ஊரில் ஒரு கைப்பேசிக் காணொளி போதும்.

இதைத் தடுப்பது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகளில் பலர் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் சாப்பிடாமல்தான் வருகிறார்கள். ஆகவே ஊசியைச் சத்துணவுக்குப் பிறகு வையுங்கள். காலையில்தான் முடியும் என்றால் ஆளுக்கொரு வாழைப்பழமும் தண்ணீரும் கொடுங்கள். மூன்று இடம் வேண்டும்: காத்திருக்க ஓரிடம், ஊசி போட ஓரிடம், போட்டபின் உட்கார ஓரிடம். காத்திருப்பவர்கள் ஊசி போடுவதைப் பார்க்கக்கூடாது. போட்டு முடித்தவர்கள் முப்பது நிமிடம் உட்கார்ந்தே இருக்கவேண்டும், தரையில் பாய் விரித்து இரண்டு பேர் படுக்கவும் இடம் இருக்கட்டும். மயங்கினால் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்திப் பிடித்தால் சில நிமிடத்தில் தெளிந்துவிடும். சுற்றி நின்று கூச்சல் போடாமல் மற்றவர்களை அப்புறப்படுத்துங்கள். அதற்கு மாறாக, மூச்சுத் திணறல், உடம்பெல்லாம் தடிப்பு, முகவீக்கம் வந்தால் அது ஒவ்வாமை. மிக அரிது. ஆனால் ஒரு நொடி தாமதிக்கக் கூடாது. செவிலியரிடம் அட்ரினலின் இருக்கும், 108-க்கும் அழைத்துவிட வேண்டும். அந்த அறைக்குள் ஆண் ஆசிரியர்கள் வேண்டாம். அன்று கை தளர்ந்த சட்டை போட்டு வரலாம் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.

பட்டியலை வகுப்பை வைத்து எடுக்காதீர்கள், பிறந்த தேதியை வைத்து எடுங்கள். ஒரு பிள்ளை எட்டாம் வகுப்பில் இருக்கும், இன்னொன்று பத்தாம் வகுப்பில் இருக்கும். அன்று வராதவர்களுக்கு இரண்டாவது நாள் ஒன்றைச் செவிலியரிடம் கேட்டு வாங்குங்கள். இடைநின்ற பிள்ளைகளின் பெயரையும் எழுதிக் கொடுங்கள். செங்கல் சூளைக்கும் நூற்பாலைக்கும் போய்விட்ட பிள்ளை உங்கள் வருகைப் பதிவேட்டில் சிவப்புக் கோடாக இருக்கிறாள். இந்த நோய்க்கு அதிகம் இரையாகிறவர்கள் அப்படிப்பட்ட வீடுகளிலிருந்துதான் வருகிறார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு வரும் அம்மாக்களைப் பற்றியும் சொல்லவேண்டும். சம்மதச் சீட்டில் கையெழுத்துப் போடும் தாய்க்குப் பெரும்பாலும் முப்பத்தைந்து, நாற்பது வயது. மகளுக்குப் போடும் ஊசி அவரைக் காப்பாற்றாது. அவருக்கு வேண்டியது கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் பத்துப் பேர். நாடு முழுவதும் பார்த்தால் இரண்டு பேர்கூட இல்லை.

இத்தனைக்கும் இந்தப் பரிசோதனை உயிர்காக்கும் என்று உலகத்துக்கு நிரூபித்த ஊர்களில் ஒன்று நம் திண்டுக்கல் மாவட்டம். 2000-இல் தொடங்கி, பயிற்சி பெற்ற செவிலியர்கள் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு ஒரே ஒரு முறை செய்த பரிசோதனையால் புற்று வருவது 25 சதவீதமும் அதனால் இறப்பது 35 சதவீதமும் குறைந்தது. அம்பிளிக்கை மருத்துவமனையும் அடையாறு புற்றுநோய் நிறுவனமும் சேர்ந்து நடத்திய அந்த ஆய்வு 2007-இல் வெளியானது. அதே ஆண்டு தேனியிலும் தஞ்சாவூரிலும் அரசு முன்னோட்டமாகத் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதும் கொண்டுவந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்றும் இலவசமாகச் செய்கிறார்கள்.

என்ன செய்வார்கள் என்று தெரியாததால்தான் பாதிப் பேர் வருவதில்லை. ஆகவே கூட்டத்தில் இதை அப்படியே சொல்லுங்கள். மறைப்புக்குப் பின்னால் படுக்கவைத்து, ஸ்பெகுலம் என்ற கருவியால் கர்ப்பப்பை வாய் தெரியும்படி விலக்கிப் பிடிப்பார்கள். அழுத்தம் தெரியும், கத்தி எதுவும் படாது. சமையல் வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலத்தை 3 முதல் 5 சதவீதம் கலந்த நீரைப் பஞ்சில் நனைத்து ஒத்துவார்கள். ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். கெட ஆரம்பித்த இடம் இருந்தால் அங்கே மட்டும் வெள்ளையாகத் தெரியும். அவ்வளவுதான். மொத்தமாக ஐந்து நிமிடம். மாதவிலக்கு நாளில் போகவேண்டாம். முந்தின இரண்டு நாள் உறுப்புக்குள் மருந்து வைப்பதையும் தாம்பத்தியத்தையும் தவிர்த்தால் நல்லது.

வெள்ளைத் திட்டு தெரிந்தால் கேன்சர் என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் புண்ணாகவோ, புற்றுக்குப் பல வருடம் முந்தின நிலையாகவோ இருக்கும். உருப்பெருக்கிக் கருவியால் பார்க்கப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். முந்தின நிலை என்றால் அந்த இடத்தை மட்டும் குளிர்வித்தோ சூடுபடுத்தியோ அழித்துவிடலாம். அன்றே வீடு திரும்பலாம். இரண்டு, மூன்று வாரம் தண்ணீர் போலக் கசியும், நான்கு வாரம் தாம்பத்தியம் கூடாது. இந்தக் கட்டத்தில்தான் பலரை இழக்கிறோம். "வலியே இல்லையே, எதற்குப் பெரிய ஆஸ்பத்திரி" என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். வலி வரும்போது நோய் கர்ப்பப்பை வாயைத் தாண்டியிருக்கும்.

மூன்று தவறான நம்பிக்கைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தாயிற்று, இனி ஒன்றும் வராது என்பது ஒன்று. அந்த ஆபரேஷன் கருக்குழாயைக் கட்டுவது, கர்ப்பப்பை வாய்க்கும் அதற்கும் தொடர்பில்லை. கர்ப்பப்பையை எடுத்தாயிற்று என்பது இன்னொன்று. வாயோடு சேர்த்து எடுத்தார்களா, வாயை விட்டுவிட்டு எடுத்தார்களா என்று டிஸ்சார்ஜ் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டிக் கேட்கவேண்டும். மூன்றாவது, மாதவிலக்கு நின்றவர்களுக்கு இனித் தேவையில்லை என்பது. தேவைதான். ஆனால் அந்த வயதில் பார்க்கவேண்டிய இடம் உள்ளே இழுத்துக்கொள்வதால் வினிகர் சோதனையில் சரியாகத் தெரியாது. கர்ப்பப்பை வாயின் செல்களை வழித்தெடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியரோ, எச்.பி.வி. கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையோ கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். மாதவிலக்கு நின்று வருடக் கணக்கானபின் ஒரு துளி ரத்தம் பட்டாலும், தாம்பத்தியத்துக்குப் பின் ரத்தம் பட்டாலும், வெள்ளைப்படுதல் நாற்றமடித்தாலும் முகாமுக்காகக் காத்திருக்காமல் அன்றே போகவேண்டும். ஊசி போட்டுக்கொண்ட மகளும் முப்பது வயதில் இந்தப் பரிசோதனைக்கு வரத்தான் வேண்டும். பத்துப் புற்றில் 16, 18 வகைகளால் வரும் ஏழு போக, மீதி மூன்றுக்குக் காரணமான வகைகளை இந்த ஊசி முழுதாகத் தடுப்பதில்லை.

ஆகவே எங்கள் கோரிக்கை இது. ஊசிக்கான பெற்றோர் கூட்டம் நடக்கும் அன்றே, ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரை ஒரு பதிவேட்டோடு வரச்சொல்லுங்கள். முப்பது வயது தாண்டிய ஒவ்வொரு தாய்க்கும் அவரவர் வசதிப்படி ஒரு தேதி எழுதிக் கொடுக்கட்டும். பத்துப் பத்துப் பேராக, சுய உதவிக் குழுவில் தெரிந்தவர்களோடு சேர்த்து அனுப்பினால் கூச்சம் பாதியாகக் குறைந்துவிடும். பரிசோதனைக்குப் போகும் அன்று நூறு நாள் வேலை போய்விடக்கூடாது என்பதை ஊராட்சித் தலைவரிடம் மேலாண்மைக் குழு முன்கூட்டியே பேசி வைக்கட்டும். மேல்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்களில் யார் போகவில்லை என்று ஒரு மாதம் கழித்து ஆஷா பணியாளர் வீட்டுக்கே போய்ப் பார்க்கட்டும்.

சம்மதச் சீட்டின் அடியில், கிழித்துக் கொடுக்கும் கோட்டுக்குக் கீழே, இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கும். "தாயாரின் பரிசோதனைத் தேதி: ........" என்று அங்கே அச்சடித்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பெண்கள் நலப் பணியில் இருக்கும் மருத்துவர்கள், செவிலியர்கள்